பழைய புல்லட்டில் கியர் சரியாக விழ: ஆல்பியன் பாக்ஸை வெளியிலிருந்து உள்ளே சரிசெய்யும் முழு வழிகாட்டி

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் மூன்றிலிருந்து நான்காவது கியருக்கு மிதித்தேன். லீவர் கீழே போனது, கியர் விழவில்லை. இன்ஜின் மட்டும் வெறுமனே அலறியது. மறுபடி மிதித்தால் விழுந்தது. அடுத்த ஊரில் திரும்பவும் அதே கதை. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் மனசு கேட்கவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கியர் பாக்ஸ் முடிஞ்சுதுங்க, ஃபுல் செட்டா மாத்திரணும்" என்றார்கள்.

மாற்றவில்லை. தாராபுரம் பக்கம் நாற்பது வருஷமாகப் புல்லட் பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடச் சொன்னார். என்னைப் பின் சக்கரத்தைச் சுற்றவிட்டு, கையால் கியர் லீவரை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "ஏனுங் தம்பி, பாக்ஸு நல்லாத்தானுங்க இருக்குது. தகடு நகந்திருக்குது, அவ்வளவுதான்" என்றார். வெளிக் கவரைக் கழற்றி, இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, ஒரு தகட்டை அரை நூலுக்கும் குறைவாக நகர்த்தி முடுக்கினார். அன்றிலிருந்து வண்டி சொன்ன கியரில் நிற்கிறது.

அவரிடம் கற்றதையும், அதற்கப்புறம் என் வண்டியிலும் சொந்தக்காரர்கள் வண்டிகளிலும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். கியர் விழவில்லை என்று பழைய புல்லட்டின் பாக்ஸை முழுதாகப் பிரிப்பதற்கு முன்னால், வெளியே பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வரிசையில் போனால் பெரும்பாலும் பாக்ஸுக்குள் கை வைக்கவே வேண்டி வராது.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

கியர் லீவர் வலது காலிலும், பிரேக் இடது காலிலும் இருக்கிற நான்கு கியர் புல்லட்டுகளுக்கு. மேலே தூக்கினால் முதல் கியர், கீழே மிதிக்க மிதிக்க இரண்டு, மூன்று, நான்கு. குதிகாலால் அழுத்துகிற சின்ன லீவர் ஒன்று தனியாக இருக்கும். அதுதான் நியூட்ரல் ஃபைண்டர். பிற்பாடு வந்த, இடது பக்கம் மாற்றுகிற ஐந்து கியர் வண்டிகளின் அமைப்பு வேறு. இதைப் படித்துவிட்டு அதைத் திறக்க வேண்டாம்.

இந்த நான்கு கியர் பாக்ஸை ஆல்பியன் பாக்ஸ் என்பார்கள். ஆல்பியன் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காமில் கியர் பாக்ஸ் செய்துவந்த கம்பெனியின் பெயர். 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தபோது அந்த அமைப்பும் கூடவே வந்தது. பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் அதே பாக்ஸ்தான் ஓடியது. அதனால் 60-களின் வண்டிக்கும் 90-களின் வண்டிக்கும் இந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுத்தால், தகட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாமல் நாள் முழுவதும் திணறுவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் லீவரை மிதிக்கும்போது கியர் நேரடியாக நகர்வதில்லை. லீவரின் தண்டு ஒரு கொக்கியை அசைக்கிறது. அந்தக் கொக்கி ராட்செட் பற்களில் ஒன்றைப் பிடித்துத் தள்ளுகிறது. கிணற்று ராட்டினத்தின் பல்லைத் தடுக்கிற கொக்கியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ராட்செட் திரும்பினால் அதனோடு சேர்ந்த அமைப்பு உள்ளே இருக்கிற ஃபோர்க்கை, அதாவது கியரைக் கவ்விப் பிடித்திருக்கிற கவட்டையை, நகர்த்தும். ஃபோர்க் கியரைத் தண்டின் மேல் பக்கவாட்டில் தள்ளும். கியரின் பக்கத்தில் இருக்கும் தடித்த டாக் பற்கள் அடுத்த கியரின் பற்களுக்குள் புகுந்தால் கியர் விழுந்தது என்று அர்த்தம். காலை எடுத்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங் லீவரை நடுவுக்குக் கொண்டுவருகிறது. கொக்கி பழைய இடத்துக்கு வந்து அடுத்த மிதிக்குத் தயாராக நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மிதி கொஞ்சம் குறைந்தால் டாக் பற்கள் முழுதாகப் புகாது. கொஞ்சம் கூடினால் ஒரு கியரைத் தாண்டி அடுத்ததற்கும் இதற்கும் நடுவே வெற்றிடத்தில் நிற்கும். அதைத்தான் பொய் நியூட்ரல் என்கிறோம். லீவர் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவுக்கு மேல் போகாமல் நிறுத்த ஒரு ஸ்டாப் பிளேட் வைத்திருக்கிறார்கள். இரண்டு போல்ட்டில் நிற்கிற, கொஞ்சம் நகரக்கூடிய தகடு. பெரியவர் நகர்த்தியது அதைத்தான்.

முக்கியமானது இது: தகடு ஒன்றே, ஆனால் மேல்நோக்கிய மிதி, கீழ்நோக்கிய மிதி இரண்டையும் அதுவே நிறுத்துகிறது. ஒரு பக்கம் இடம் கொடுத்தால் மறுபக்கம் இடம் குறையும். தராசு முள் மாதிரி. எந்தப் பக்கமும் சாயாமல், கொக்கி பல்லைப் பிடிக்கத் தேவையான அசைவு மேலேயும் கீழேயும் ஏறக்குறைய சமமாக இருப்பதுதான் சரியான இடம்.

முதலில் நோயைக் கேளுங்கள்

வண்டி எப்படி மக்கர் செய்கிறது என்பதை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாமல், இன்ஜினை அணைத்ததும் லேசாக விழுந்தால், அது கிளட்ச் கோளாறு. முதல் கியர் போடும்போது 'கடக்' என்று பெரிதாக அடித்து வண்டி முன்னால் துள்ளினாலும் அதேதான். கிளட்ச் பிடித்தும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியவில்லை. இதற்குக் கியர் பக்கம் போகவே கூடாது.

மிதித்த லீவர் மேலே வராமல் தொங்கினால் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், உடைந்திருக்கும்; அல்லது லீவர் எங்கேயோ உரசுகிறது.

மேலே போகும்போது கியர் சரியாக விழுந்து, இறக்கும்போது தவறினால், அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால், தகட்டின் மேல் சந்தேகப்படலாம். அதிலும் நான்கிலிருந்து மூன்றுக்கு வரும்போதும், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதும்தான் தகட்டின் தவறு முதலில் வெளியே தெரியும்.

விழுந்த கியர் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, ஏற்றத்தில் முறுக்கும்போது தானாகவே கழன்றால் அது வேறு. டாக் பற்களின் முனை மழுங்கியிருக்கலாம், ஃபோர்க் வளைந்திருக்கலாம். கியர் அரைகுறையாக விழுந்ததாலும் கழலும் என்பதால் தகட்டை ஒருமுறை பார்ப்பது நல்லதுதான். அப்படியும் போகவில்லை என்றால் பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ, திம்பத்தின் 27 வளைவுகளுக்கோ எடுத்துப் போகாதீர்கள். இறக்கத்தில் கியர் கழன்றால் இன்ஜினின் பிடி போய்விடும், பழைய டிரம் பிரேக் ஒன்றை மட்டும் நம்பித்தான் இறங்க வேண்டும்.

கிளட்ச்சை முடித்துவிட்டுத்தான் கியர்

காலையில் வண்டி எடுக்குமுன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலு தடவை மெதுவாக மிதியுங்கள். இரவெல்லாம் ஒட்டிக்கிடந்த பிளேட்டுகள் பிரியும். பழைய ஆட்கள் எல்லோரும் இதைப் பழக்கமாகவே செய்வார்கள்.

அடுத்து கிளட்ச் வயர். நம் பக்கம் ஆடிக் காற்று அடிக்கிறபோது பல்லடம், தாராபுரம் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குள் மண் போகாத இடமில்லை. திருப்பூர்க்காரர்கள் வண்டியில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். வயரின் உறைக்குள் அது எண்ணெயோடு கலந்து பசையாகிவிடும். வயரைக் கழற்றி, மேல் முனையில் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, மெல்லிய எண்ணெய் விட்டு, மறுமுனையில் சுத்தமாகச் சொட்டும்வரை தொங்கவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். மார்கழிக் காலையில் அது உறைந்து, வயர் இழுபடாமல் நிற்கும். பொள்ளாச்சியில் என் மச்சான் வண்டியில் இதே காரணத்துக்காக ஒரு வாரம் கியரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வயரின் ஒரு இழை பிய்ந்திருந்தாலும் புதிது போட்டுவிடுங்கள்.

கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வயரிலேயே உள்ள அட்ஜஸ்டர். மற்றொன்று வலது பக்கம் கியர் பாக்ஸின் வெளிக் கவரில், சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிற ஸ்க்ரூவும் லாக் நட்டும். பலர் வயரை மட்டும் இழுத்து இழுத்து முடுக்குவார்கள். அதனால் உள்ளே இருக்கிற சின்ன லீவர் தவறான கோணத்தில் நின்று, முழு வீச்சும் கிடைக்காமல் போகும். முதலில் வயரை முழுதாகத் தளர்த்துங்கள். உள் ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ, கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கிற கம்பியான புஷ் ராடைத் தொடுவது கைக்குத் தெரியும்வரை மெதுவாக முடுக்குங்கள். தொட்டதும் அரைச் சுற்றுப் பின்னால் எடுத்து, ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். அப்புறம் வயர் அட்ஜஸ்டரால் கைப்பிடியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பிளே, அதாவது வெறும் தளர்வு, வையுங்கள். பிளேயே இல்லாமல் வைத்தால் கிளட்ச் நழுவும், புஷ் ராடும் தேயும்.

இடது பக்கம், கிளட்ச் உட்கார்ந்திருக்கிற பிரைமரி கேஸில் உள்ள எண்ணெயையும் பாருங்கள். அங்கே கியர் ஆயில் மாதிரி கெட்டியானதை ஊற்றியிருந்தால் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு பிரியாது. இன்ஜின் ஆயில் வகை, லெவல் பிளக் காட்டுகிற அளவுக்கு. அவ்வளவு போதும்.

பாதிப் பேருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

லீவர் எங்கே இடிக்கிறது

இது மிகச் சின்ன விஷயம், ஆனால் நான் பார்த்ததில் அடிக்கடி தப்பிப்போவது இதுதான். கியர் லீவர் பல் வெட்டிய தண்டில் மாட்டியிருக்கிறது. எந்தப் பல்லிலும் மாட்டலாம். யாரோ ஒருவர் தன் கால் வசதிக்கு ஒரு பல் கீழே மாட்டியிருப்பார். முழுதாக மிதிக்கும்போது லீவர் ஃபுட்ரெஸ்ட்டிலோ சைலன்சர் பைப்பிலோ முட்டும். ஸ்டாப் பிளேட் வரை போகவே போகாது. உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் கியர் அரைகுறையாகத்தான் விழும்.

லீவரை மெதுவாகக் கடைசிவரை மேலேயும் கீழேயும் தள்ளி, சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா பாருங்கள். வண்டி ஒருமுறை வலது பக்கம் விழுந்திருந்தால் லீவரே உள்பக்கம் வளைந்து கவரை உரசிக்கொண்டிருக்கும். அதோடு லீவரின் கிளாம்ப் போல்ட்டை இறுக்கி, லீவருக்கும் தண்டுக்கும் நடுவே ஆட்டம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பல் தேய்ந்து ஆடுகிற லீவரை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை, மாற்ற வேண்டும். செருப்பில் ஓட்டுகிறவர்களும் ஷூவில் ஓட்டுகிறவர்களும் லீவரை வேறு வேறு உயரத்தில் வைப்பது நியாயம்தான். மேலே தூக்கிப் போடுகிற முதல் கியருக்குப் பாதம் அடியில் நுழைய இடம் வேண்டும். ஆனால் முட்டக் கூடாது.

பின் செயினும் ஒரு பார்வை. தந்தி மாதிரி இறுகிக் கிடந்தால் தண்டின் மேல் எப்போதும் பாரம் இருக்கும், கியர் கனமாக விழும்.

வெளிக் கவரைத் திறத்தல்

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லையா? சரி, இப்போது கவரைக் கழற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை முழுதாக ஒதுக்குங்கள். ஒரு துணையும் வேண்டும், பின் சக்கரம் சுற்ற.

தேவையானவை: ரிங் ஸ்பேனர் செட், நல்ல கனமான ஸ்க்ரூ டிரைவர் அல்லது இம்பேக்ட் டிரைவர், ரப்பர் சுத்தி, அகலமான தட்டு, சுத்தமான துணி, மண்ணெண்ணெய் அல்லது டீசல், புதிய கவர் பேக்கிங், ஒரு மார்க்கர் பேனா. பழைய வண்டிகளில் நிறைய நட்டுகள் விட்வொர்த் என்கிற பழைய இங்கிலாந்து அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்ட உட்கார்வது மாதிரி இருந்து, அழுத்தும்போது வழுக்கி மூலையை உருட்டிவிடும். அந்த அளவு ஸ்பேனர் இரண்டு, மூன்று வாங்கி வைத்துக்கொள்வது வாழ்நாளுக்கும் உதவும்.

முதலில் பாக்ஸைச் சுற்றிக் கழுவித் துடையுங்கள். கவர் திறந்திருக்கும்போது ஒரு மண் துகள் உள்ளே விழுந்தாலும் அது ராட்செட்டுக்குத்தான் போகும். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அடியில் தட்டை வையுங்கள். கவர் கழன்றதும் எண்ணெயோ, பழைய ஆட்கள் அடைத்த கிரீஸோ கொட்டும்.

கியர் லீவரையும் நியூட்ரல் ஃபைண்டர் லீவரையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன், எந்தப் பல்லில் இருந்தது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிக்கர் சில வண்டிகளில் காட்டர் பின்னில் (ஆப்பு மாதிரி செருகி நட்டால் இறுக்கிய பின்) இருக்கும், சிலவற்றில் கிளாம்ப் போல்ட்டில். காட்டர் பின் என்றால் நட்டை முழுதாகக் கழற்றிவிட்டுச் சுத்தியால் அடிக்காதீர்கள், மரை நசுங்கிவிடும். நட்டின் மேல்பக்கம் பின்னின் முனையோடு சமமாக நிற்கும்வரை தளர்த்தி, நட்டோடு சேர்த்துத் தட்டினால் பின் அசைந்து கொடுக்கும். சில வண்டிகளில் வலது ஃபுட்ரெஸ்ட்டையும் சைலன்சர் கிளாம்ப்பையும் தளர்த்தினால்தான் கவர் வெளியே வர இடம் கிடைக்கும். கிளட்ச் வயரையும் தளர்த்தி முனையை விடுவியுங்கள்.

கவர் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டு ஸ்க்ரூவைச் செருகி வையுங்கள். நீளமானதைச் சின்னத் துளையில் போட்டு முடுக்கினால் அலுமினியம் வெடிக்கும். இறுகிக் கிடக்கிற ஸ்க்ரூவுக்கு டிரைவரை அழுத்தி வைத்துத் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

கவரை இழுக்கும்போது ஒரு கை கட்டாயம் கிக்கர் தண்டின் மேல் இருக்க வேண்டும். கட்டை விரலால் தண்டை உள்ளே அழுத்திக்கொண்டே, மறு கையால் கவரை மெதுவாக வெளியே கொண்டு வாருங்கள். தண்டும் கூடவே வந்தால் கிக்கர் ஸ்பிரிங் விடுபட்டுச் சுற்று அவிழ்ந்துவிடும். திரும்ப மாட்டுவதற்கு இன்னொரு அரை நாள் போகும். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை நடுவில் நுழைத்து நெம்பவே கூடாது. அந்தச் சின்னக் கீறலிலிருந்து வருஷக்கணக்கில் எண்ணெய் கசியும்.

தகட்டைச் சரிசெய்தல்

இப்போது ராட்செட் அமைப்பு முழுதும் கண்ணுக்குத் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் போனில் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். துணியால் துடைத்துவிட்டு, ரிட்டர்ன் ஸ்பிரிங் முழுதாக இருக்கிறதா, கொக்கியின் முனை கூர்மையாக இருக்கிறதா, ராட்செட் பற்களின் மூலைகள் உருண்டிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம், ஸ்டாப் பிளேட்டின் இரண்டு போல்ட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா பாருங்கள். என் வண்டியில் ஒரு போல்ட் விரலால் திருப்புகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. கோளாறின் வேர் அதுதான்.

தகட்டின் விளிம்பை ஒட்டி, கேஸின் மேல் மெல்லிய கோடு ஒன்று கீறிக்கொள்ளுங்கள். எவ்வளவு நகர்த்தினாலும் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்ப அந்தக் கோடு வழிகாட்டும்.

கியர் லீவரை அதன் தண்டில் தற்காலிகமாக மாட்டுங்கள். துணையாளர் பின் சக்கரத்தை மெதுவாக, விடாமல் சுற்ற வேண்டும். சக்கரம் நின்றால் டாக் பற்கள் பல்லுக்குப் பல் முட்டிக்கொண்டு நிற்கும். கியர் விழாதது தகட்டினாலா, பற்களினாலா என்று தெரியாது. நீங்கள் லீவரைக் கையால், மிக மெதுவாக அசையுங்கள். காலின் வேகத்தில் தெரியாதது கையில் தெரியும். ஒரு அசைவில் மூன்று இடம் உண்டு: கொக்கி பல்லைத் தொடுகிற இடம், கியர் 'க்ளக்' என்று புகுகிற இடம், லீவர் தகட்டில் மோதி நிற்கிற இடம். புகுந்தபின் கடுகளவு போய் மோதினால் சரி. மோதியும் புகவில்லை என்றால் அந்தப் பக்கம் இடம் போதவில்லை. புகுந்தபின்னும் லீவர் வெகுதூரம் போனால் அந்தப் பக்கம் இடம் அதிகம், அங்கேதான் கியர் தாண்டிப் போய்ப் பொய் நியூட்ரலில் நிற்கிறது.

ஒன்றிலிருந்து நான்கு வரை கீழே, நான்கிலிருந்து ஒன்று வரை மேலே, ஒவ்வொரு மாற்றத்தையும் இப்படிப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் இருப்பதால் அந்த மிதிக்கு மற்றதைவிடக் கூடுதல் தூரம் வேண்டும். அதனால்தான் குறை இருந்தால் அங்கே முதலில் தெரிகிறது.

இப்போது இரண்டு போல்ட்டையும் தகடு கையால் தள்ளினால் நகர்கிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். எந்தப் பக்கம் இடம் போதவில்லையோ அந்தப் பக்கம் மோதுகிற விளிம்பு விலகுகிற மாதிரி தகட்டை நகர்த்துங்கள். அரை மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். போல்ட்டை இறுக்கிவிட்டு எல்லாக் கியரையும் மறுபடி பாருங்கள். இறுக்காமல் சோதித்தால் தகடு லீவரோடு சேர்ந்து நகர்ந்து பொய் சொல்லும். முதல் தடவையில் நான் மூன்று முறை தள்ளி, இரண்டு முறை திரும்ப வந்தேன். அவசரப்படாதீர்கள். மேலேயும் கீழேயும் ஒரே அளவு அசைவில் கியர் புகுந்து, ஒரே அளவு மிச்சத்தில் லீவர் நின்றால் அதுதான் இடம்.

எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடுகிறது என்றால், குறை தகட்டில் இல்லை. கொக்கியின் முனையோ ராட்செட் பல்லோ தேய்ந்து, அசைவின் ஒரு பகுதி வீணாகிறது. அவற்றை மாற்றிவிட்டு மறுபடி தகட்டைச் சரிசெய்யுங்கள். தேய்ந்த முனையில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சூட்டில் இரும்பின் கடினம் போய்விடும், சில மாதத்தில் பழையபடி மழுங்கும்.

தண்டு கவரின் துளையில் ஆடுகிறதா என்றும் இந்தச் சமயத்தில் பாருங்கள். ஆடினால் அந்த ஆட்டமும் உங்கள் மிதியைத் தின்னும், எண்ணெயும் கசியும். இதற்கு நாம் கொடுத்து வைத்தவர்கள். கோயம்புத்தூர் கணபதியிலோ பீளமேட்டிலோ பம்பு, மோட்டார் வேலை செய்கிற லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. தண்டையும் கவரையும் கொண்டுபோய்க் கொடுத்தால் துளையைச் சுத்தம் செய்து கன்மெட்டல் புஷ் கடைந்து அடித்துத் தருவார்கள். தண்டு இல்லாமல் கவரை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அளவு பொருந்தாது. வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கிற ஆசை இந்த மண்ணில் பழசு. ஜி.டி.நாயுடு இளவயதில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து வாங்கியது ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள். அதைப் பிரித்துப் பூட்டித்தான் அவர் இயந்திரம் கற்க ஆரம்பித்தார்.

திருப்தியானதும் தகட்டின் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையைத் துடைத்து, ஸ்பிரிங் வாஷரோடு, மரையில் ஒரு சொட்டு லாக்கிங் திரவம் விட்டு முடுக்குங்கள். ஒன்றை முடுக்கியபின் அடுத்தது, அப்போதுதான் தகடு இடம் மாறாது. முடித்தபின் கடைசியாக ஒருமுறை எல்லாக் கியரையும் பார்த்துவிடுங்கள்.

மூடும்போது

பழைய பேக்கிங்கை முழுதாகச் சுரண்டி எடுங்கள். கத்தி வேண்டாம், மரச் சில்லோ பிளாஸ்டிக் அட்டையோ போதும். புதிய பேக்கிங்கின் இரண்டு பக்கமும் லேசாகக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கிழியாமல் வரும். பசையை அப்பி வைத்தால் உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து ராட்செட்டில் சிக்கும்.

கவரை ஏற்றும்போதும் கிக்கர் தண்டு உள்ளேயே இருக்கட்டும். கவர் கையழுத்தத்தில் முழுதாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் ஏதோ தண்டு துளைக்கு நேராக இல்லை. ஸ்க்ரூவை முடுக்கி இழுத்து உட்கார வைக்காதீர்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். லீவர்கள், கிக்கர், வயர் எல்லாம் மாட்டியபின் கிளட்ச் பிளேயை மறுபடி வையுங்கள். கவரைக் கழற்றி மாட்டினால் அது கண்டிப்பாக மாறியிருக்கும். எண்ணெயை லெவல் அளவுக்கு ஊற்றுங்கள். நிறையப் பேர் இந்தப் பாக்ஸில் 90 கியர் ஆயில் போடுகிறார்கள், நானும் அதையே போடுகிறேன். அளவுக்கு மேல் ஊற்றினால் கிக்கர் தண்டு வழியாகத்தான் வெளியே வரும்.

நியூட்ரல் ஃபைண்டரை இப்போது சோதியுங்கள். இரண்டு, மூன்று, நான்கு, எந்தக் கியரில் இருந்தாலும் கிளட்ச்சைப் பிடித்துக் குதிகாலால் கடைசிவரை அழுத்தினால் நியூட்ரலில் வந்து நிற்க வேண்டும். முதல் கியரிலிருந்து அது வேலை செய்யாது. அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. நியூட்ரலைத் தாண்டிப் போனாலோ, எட்டாமல் நின்றாலோ, அந்த லீவர் முன்பிருந்த பல்லில் மாட்டப்பட்டிருக்கிறதா, எங்காவது முட்டுகிறதா என்று பாருங்கள்.

ரோட்டில்

முதலில் ஆள் நடமாட்டம் குறைந்த சமமான ரோட்டில் பத்து கிலோமீட்டர். ஒவ்வொரு கியரையும் அவசரமில்லாமல், லீவர் நிற்கிற இடம்வரை மிதித்து, காலை முழுதாக எடுத்துவிட்டு அடுத்த மிதி மிதியுங்கள். இந்தப் பாக்ஸுக்கு நிதானமான கால்தான் பிடிக்கும். புது வண்டியில் பழகியவர்கள் லீவரின் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். கால் பாரத்தில் கொக்கி நடுவுக்குத் திரும்பாமல் அடுத்த மிதி வெறும் மிதியாகும்.

அப்புறம் கொஞ்சம் ஏற்ற இறக்கமுள்ள ரோடு. மூன்றாவது கியரில் முறுக்கி ஏற்றிப் பாருங்கள், கழலக் கூடாது. இறக்கத்தில் நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறக்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாக்ஸுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் தாளில் சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் கசிவு கவரிலா, கிக்கர் தண்டிலா, லீவர் தண்டிலா என்று தெரிந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் கவர் ஸ்க்ரூக்களையும் லீவர் கிளாம்ப் போல்ட்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், புதுப் பேக்கிங் அமுங்கியிருக்கும். கிளட்ச் பிளேயையும் அப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.